டிரெயின் காக் பொருத்தக் கொடுத்து ஏமாந்தேன்

டர்பன் வட்டாரத்தில் மாதிரி நீராவி எஞ்சின் வைத்திருப்பவர்கள் யாரேனும் அதன் குழாய் வேலையை வெளியாளிடம் கொடுக்க நினைத்தால், முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். 3,800 ரேண்டையும் ஒரு பிஸ்டன் தண்டையும் இழந்த பிறகு எழுதுகிறேன். பட்டறையின் பெயரைப் போடப்போவதில்லை. செய்த வேலையின் லட்சணத்தை மட்டும் சொல்கிறேன்.

என் தாத்தா டொங்காட்டில் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவர். கரும்பு பிழியும் உருளைகளைச் சுழற்றுமே, அந்தக் கிடைமட்ட எஞ்சினைச் சிறிதாகச் செய்திருந்தேன். ஒன்றேகால் அங்குலச் சிலிண்டர், அதற்குள் நீராவியைத் திறந்துவிட உருளை வடிவப் பிஸ்டன் வால்வு, கையில் தூக்கினால் தோள் இறங்கும் கனத்தில் ஒரு சுழல்சக்கரம். நான்கு ஆண்டு உழைப்பு. கண் மங்கிவிட்டதால் டிரெயின் காக்கும் குழாயும் மட்டும் மிச்சம் நின்றன. (ரயிலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சிலிண்டரின் அடியில் நீரை வடிக்கிற, திறந்து மூடக்கூடிய சின்ன வால்வு இது.)

குளிர்ந்த சிலிண்டருக்குள் நுழையும் நீராவி உடனே நீராகிவிடும். நீர் அமுங்காது. பிஸ்டனுக்கும் மூடிக்கும் நடுவே அது மாட்டிக்கொண்டால் ஏதாவது ஒன்று உடைந்தே தீரும். தட்டையாக நகரும் நழுவு வால்வு வைத்த எஞ்சினில் வால்வு சற்றே மேலெழும்பி நீருக்கு வழிவிடுவதுண்டு. பிஸ்டன் வால்வில் அந்தத் தயவும் கிடையாது. அதனால்தான் சிலிண்டரின் இரு முனையிலும் ஆளுக்கொரு காக் வேண்டும். கிளப்பும்போது இரண்டையும் திறந்துவைத்து, நீரெல்லாம் போய் வெறும் ஆவி வரத் தொடங்கியதும் மூடவேண்டும்.

நான் பத்திரமாக வைத்திருந்த இரண்டு வெண்கலக் காக்குகளையும் பட்டறைக்காரரிடம் எண்ணிக் கொடுத்தேன். பேச்சில் மனிதர் கெட்டிக்காரர். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்திறங்கியவர்களின் வாரிசுகள் நாம், ஆலை எஞ்சின் நம் ரத்தத்தில் ஊறியது என்றெல்லாம் சொன்னார். நானும் உச்சி குளிர்ந்து பணத்தை எடுத்து நீட்டிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்துப் போனபோது எஞ்சினைக் காற்று கம்ப்ரெசரில் இணைத்து ஓட்டிக் காட்டினார். சக்கரம் அழகாகச் சுழன்றது. "நீராவியில் ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாமே?" என்றேன். "அண்ணா, காற்றில் ஓடுவது நீராவியில் ஓடாதா?" என்று சிரித்தார். அங்கேதான் கோட்டைவிட்டேன். காற்று சூடாக்காது, நீராக மாறாது. கொஞ்சம் கசிந்தாலும் பெரிய கம்ப்ரெசர் ஈடுகட்டிவிடும், வெளியே தெரியாது. காற்றில் ஓட்டிக் காட்டுவது டிரெயின் காக் வேலைக்குப் பரிசோதனையே அல்ல.

வீட்டில் பாய்லரைக் கிளப்பி சதுர அங்குலத்துக்கு 60 பவுண்டு அழுத்தம் வந்ததும் காக்கைத் திறந்து, சக்கரத்தைக் கையால் தள்ளினேன். நாலைந்து சுற்று சுற்றியது, வேகம் எடுத்தது, பிறகு 'டங்' என்று ஓர் ஓசை. முன்மூடியின் இரண்டு திருகுகள் அறுந்துவிட்டன. தண்டு கோணலாக நின்றது. மேசையெல்லாம் வெந்நீர்.

கழற்றிப் பார்த்தேன். இரு முனையிலிருந்தும் வந்த குழாய்களை நடுவில் ஒன்றாக இணைத்து, அதன் கீழே ஒரே ஒரு காக் வைத்திருந்தார்! காக் மூடியிருந்தாலும் பிஸ்டனின் ஒரு பக்கத்து ஆவி மறுபக்கத்துக்குக் குறுக்கு வழியில் போய்விடும். திறந்திருந்தாலோ, இந்த முனையின் நீர் வெளியேறுவதற்குப் பதில் அந்த முனைக்குள் புகும். போதாக்குறைக்கு ஒரு குழாய் அடித்தளத் திருகின் மேலேறி இறங்கியது. வடிகுழாய் சரிந்துகொண்டே போகவேண்டும் என்பது வீட்டுக் கூரைக்கு ஓடு போடுபவருக்குக்கூடத் தெரியும்.

மரை விஷயம் இன்னும் மோசம். நான் போட்டிருந்தது 3/16 அங்குலம், அங்குலத்துக்கு 40 மரை. அந்த அளவில் மரை வெட்டும் டேப் அவரிடம் இல்லைபோலும். 5 மில்லிமீட்டர் மெட்ரிக் டேப்பை அதே துளையில் விட்டுத் திருப்பியிருக்கிறார். 3/16 அங்குலம் என்பது 4.76 மில்லிமீட்டர். 4.76 எங்கே, 5 எங்கே? பழைய மரையும் புது மரையும் பின்னி, நகத்தால் கீறினால் பித்தளைத் தூளாக உதிர்ந்தது. ஓட்டையை மறைக்க டெஃப்லான் நாடாவைச் சுற்றியிருந்தார். குழாய் மூட்டுகளில் வெள்ளிப் பொடி வைத்து ஊதச் சொல்லியிருந்தேன். வைத்திருந்தது ஈயப் பற்று. அது உருகத் தொடங்குவது 183 பாகை செல்சியஸில். 60 பவுண்டு நீராவியின் வெப்பம் சுமார் 153. உருகாது என்றாலும் தளர்ந்துபோகும். ஒரு மூட்டை விரலால் அசைத்தேன், கழன்று கையோடு வந்தது.

தொலைபேசியில் கேட்டபோது, நான்தான் தவறாக ஓட்டினேன் என்றார். பில்லில் 'காக் பொருத்தியது: இரண்டு' என்று எழுதியிருப்பதைப் படித்துக் காட்டினேன். இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

வேலை கொடுப்பவர்கள் மரை வெட்டும் டேப்பை உங்கள் கையாலேயே கொடுங்கள். குழாய் போகும் வழியை வரைந்து கையெழுத்து வாங்குங்கள். குளிர்ந்த எஞ்சினை உங்கள் கண்முன் நீராவியில் கிளப்பிக் காட்டும்வரை மீதிப் பணத்தைத் தொடாதீர்கள்.

புதுத் தண்டு கடைந்தாகிவிட்டது. மற்றொரு காக் இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. "என் காக்கைத் திருப்பித் தா" என்று நான் தொலைபேசியில் கத்தும்போதெல்லாம், பறந்துபோன காக்கைக்கா இத்தனை சத்தம் என்று சமையலறையிலிருந்து என் மனைவி கேட்கிறாள்.