பழைய பி.எஃப். எடுத்துத் தருகிறேன் என்று வருகிறவர்களிடம் உஷார்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் பழைய மில்லுகளில் வேலை பார்த்தவர் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் இதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

என் சித்தப்பா இரண்டு நூற்பாலைகளில் வேலை பார்த்தவர். 1997-லிருந்து ஒன்றில் ஏழு வருஷம், அது மூடிய பிறகு இன்னொன்றில் ஆறு வருஷம். அப்புறம் கோட்டையூரில் பூட்டிக் கிடக்கும் ஒரு செட்டியார் வீட்டுக்குக் காவல். வீட்டுக்காரர்கள் முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கு வந்துபோவதோடு சரி. பி.எஃப். எல்லாம் அந்த வேலையில் கிடையாது. மில் காலத்துப் பணம் எங்கேயோ கிடக்கிறது என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

நினைவுபடுத்தியவர் ஒரு ஏஜெண்ட். காரைக்குடியில் ஜெராக்ஸ் கடையோடு சேர்த்து 'பி.எஃப். ஆலோசனை' என்று போர்டு வைத்திருந்தார். பழைய தொழிலாளிகளை அவரே தேடிப் போய்ப் பிடிக்கிறார். "அண்ணே, மில்லே மூடியாச்சு, பென்ஷனாவது ஒண்ணாவது. எல்லாத்தையும் மொத்தமா எடுத்துத் தர்றேன், நூத்துக்கு இருபது குடுங்க" என்றிருக்கிறார். தகரப் பெட்டியிலிருந்து முதல் மில்லின் கணக்குச் சீட்டை எடுத்துக் கொடுத்து, நிரப்பாத படிவங்களில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார் சித்தப்பா. அப்போது அவருக்கு 56 வயது. படிவத்தில் ஃபோன் நம்பர் கேட்கும் இடத்தில் ஏஜெண்டின் நம்பர். அதனால் பணம் ஏறிய செய்தி முதலில் அவருக்குத்தான் போனது. சித்தப்பா பாங்குக்குப் போவதற்குள் கமிஷனுக்காக அங்கே வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

பி.எஃப். பங்கு வந்தது, அது நியாயமாக வரவேண்டியதுதான். விஷயம் பென்ஷன் பங்கில் இருக்கிறது. முதலாளி கட்டும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் 1995-ம் வருடத்துப் பென்ஷன் திட்டத்துக்குப் போகிறது. மொத்தச் சர்வீஸ் பத்து வருஷம் இருந்தால் 58 வயதில் மாதப் பென்ஷன். ஒரே கம்பெனியில் பத்து வருஷம் இருக்கவேண்டும் என்பதில்லை, இரண்டு மூன்று இடத்துச் சர்வீஸையும் சேர்த்துக்கொள்ளலாம். சித்தப்பாவுக்கு ஏழும் ஆறும் பதிமூன்று.

10-சி என்று ஒரு படிவம். இரண்டு வேலைக்கும் அதே படிவம்தான்: ஒன்று, பென்ஷன் பங்கை ரொக்கமாக எடுத்துக்கொள்வது. இன்னொன்று, 'ஸ்கீம் சர்டிபிகேட்' வாங்கி அந்தச் சர்வீஸைக் காப்பாற்றி வைப்பது. ஏஜெண்ட் டிக் அடித்தது ரொக்கத்துக்கு. கிடைத்தது 26,000 சொச்சம். அதோடு அந்த ஏழு வருஷமும் கணக்கிலிருந்து போய்விட்டது. மிச்சம் இருக்கும் ஆறு வருஷத்துக்குப் பென்ஷன் கிடையாது.

ஏன் அப்படிச் செய்தார் என்று யோசித்தால் புரிகிறது. மாதப் பென்ஷனில் அவருக்கு என்ன கமிஷன்? ரொக்கமாக எடுத்தால்தான் நூற்றுக்கு இருபது.

இந்தத் திட்டத்தில் 2014 செப்டம்பரிலிருந்து குறைந்தபட்சப் பென்ஷன் மாதம் 1,000 ரூபாய். அற்பத் தொகைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வாங்கிய 26,000 என்பது 26 மாதப் பென்ஷன். சித்தப்பாவுக்குப் பிறகு சித்திக்கும் வரவேண்டியது அது. அதே இரண்டு மில்லிலும் வேலை பார்த்த கண்டனூர்க்காரர் ஒருவர் சர்டிபிகேட் வாங்கி வைத்திருந்ததால் இப்போது மாதாமாதம் பென்ஷன் வாங்குகிறார். ஒரு துக்க வீட்டில் அவர் சொல்லித்தான் எங்களுக்கே விஷயம் தெரிந்தது.

ஏஜெண்டிடம் போய்க் கேட்டேன். "கையெழுத்துப் போட்டது உங்க சித்தப்பாதானே தம்பி?" என்றார். வாங்கிய கமிஷனுக்கு ரசீதும் கிடையாது. மதுரை பி.எஃப். ஆபீஸில் விசாரித்தோம். எடுத்த பணத்தைத் திருப்பிக் கட்டி சர்வீஸை மீட்க வழியில்லை என்றார்கள்.

மில் மூடியதால் ஒன்றும் கெட்டுப்போகாது. முதலாளி கையெழுத்துக்குப் பதிலாகப் பாங்க் மேனேஜரிடமோ அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியிடமோ சான்றொப்பம் வாங்கலாம். மாதப் பென்ஷனுக்குப் படிவம் 10-டி. 58 தாண்டியபின் கேட்டாலும் பென்ஷன் உண்டு, 'வயசு போச்சு' என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். எந்த மனுவுக்கும் கட்டணம் கிடையாது. ஒவ்வொரு மாதமும் 27-ம் தேதியை ஒட்டி மாவட்டந்தோறும் பி.எஃப். முகாம் நடக்கிறது, சீட்டையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு அங்கே போகலாம். சீட்டு தொலைந்திருந்தால் மில் பெயர், வேலை பார்த்த வருஷம், டி.என். என்று தொடங்கும் பழைய பி.எஃப். நம்பர், இதில் எது ஞாபகம் இருக்கிறதோ அதைச் சொல்லிக் கேளுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் வேலை பார்த்திருந்தால் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்த பிறகு 10-சி பக்கம் போங்கள். எந்தப் படிவத்திலும் உங்கள் ஃபோன் நம்பரைத் தவிர வேறு நம்பர் இருக்கக் கூடாது.

இரண்டாவது மில் கணக்குக்கு இப்போது நாங்களே மனுப் போட்டிருக்கிறோம். ஆறு வருஷம்தான் என்பதால் அதுவும் ரொக்கமாகத்தான் வரும். கமிஷனாவது மிச்சம்.