வெந்தயம் மணக்கும் ஒயின்: ஒரு பாட்டில் வான் ஜோன்

இனிப்பு ஒயின் தேடுகிறவர்கள் இந்தப் பாட்டில் இருக்கும் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்க வேண்டாம். கிறிஸ்துமஸுக்குச் சர்க்கரையும் பட்டையும் கிராம்பும் போட்டு வீட்டில் ஊறவைக்கும் திராட்சை ஒயினில் பழகிய நாக்குக்கு, முதல் வாயிலேயே முகம் சுருங்கிவிடும். எனக்கும் சுருங்கியது. ஆனால் கிளாஸைக் கீழே வைக்கத் தோன்றவில்லை.

பிரான்சின் கிழக்கு ஓரத்தில், சுவிட்சர்லாந்து எல்லையை ஒட்டிய ஜூரா பகுதியில் செய்யப்படும் வான் ஜோன் இது, மஞ்சள் ஒயின். சவான்யான் என்ற ஒரே வகை வெள்ளைத் திராட்சையில்தான் செய்ய வேண்டும் என்பது அங்கே சட்டம். ஜெனீவாவில் வேலை பார்க்கும் அக்கா மகன் ஊருக்கு வந்தபோது, ஆர்புவா என்ற ஜூரா ஊரின் பெயர் எழுதிய பாட்டில் ஒன்றைத் துணிக்கு நடுவே சுருட்டிக் கொண்டுவந்தான். கொழிஞ்சாம்பாறையிலோ பாலக்காட்டிலோ எந்த மதுக்கடையிலும் இதை நான் கண்டதில்லை.

எங்கள் பக்கம் தென்னையும் கள்ளும்தான் பேச்சு. பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்துக் கள் தினமும் வண்டியேறி மற்ற மாவட்டங்களுக்குப் போகிறது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை என்பதால், பொள்ளாச்சிப் பக்கத்து ஆட்கள் எல்லையில் இருக்கும் கோபாலபுரம் தாண்டி வந்து குடித்துவிட்டுத் திரும்புகிறார்கள். என் தகப்பனாரின் தோப்பிலும் பாளை சீவினார்கள். ஆகவே காற்றுப் பட்டால் என்ன ஆகும் என்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விடியலில் இறக்கிய கள் மதியத்துக்குள் ஏறும், மாலையில் கடுக்கும், சில நாள் திறந்து கிடந்தால் காடியாகிவிடும், அதாவது வினிகர்.

இந்த ஒயின்காரர்கள் அந்தக் கணக்கையே புரட்டிப் போடுகிறார்கள். மற்ற இடங்களில் பீப்பாயில் ஆவியாகிக் குறையும் ஒயினை அவ்வப்போது ஊற்றி நிரப்புவார்கள்; காற்றுக்கு இடம் கொடுக்கக் கூடாது என்பது பாலபாடம். ஜூராவில் இந்த ஒயினுக்கு நிரப்புவதே கிடையாது. ஆறு ஆண்டும் மூன்று மாதமும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். உள்ளே ஒயின் குறையக் குறைய மேலே காற்று நிறைகிறது. காடியாகியே தீர வேண்டும். ஆகாததற்குக் காரணம், மேற்பரப்பில் தானாகப் படரும் ஈஸ்ட் ஆடை. ஆறிய பாலின் மேல் ஏடு படிவதுபோல. காற்றை நேராக ஒயினில் பட விடாமல் தடுப்பதும் அதுதான், ஒயினின் மணத்தை அடியோடு மாற்றுவதும் அதுதான். எல்லாப் பீப்பாயும் தேறுவதில்லை. சிலவற்றில் ஆடை தோற்றுக் காடி ஜெயித்துவிடும். அதனால் அவ்வப்போது எடுத்துச் சோதித்துக்கொண்டே இருக்கிறார்கள். காடியை உண்டாக்குவது ஓர் உயிரிதான் என்று 1860களில் விளக்கிய லூயி பாஸ்டர் வளர்ந்த ஊரும் இதே ஆர்புவாதான். அங்கே அவருக்குச் சொந்தமாகத் திராட்சைத் தோட்டமும் இருந்தது.

பாட்டில் குட்டை, தோள் அகலம். கொள்ளளவு 62 சென்டிலிட்டர். ஒரு லிட்டர் ஊற்றினால் அத்தனை ஆண்டு கழித்து மிஞ்சுவது அவ்வளவுதான் என்று காரணம் சொல்கிறார்கள். 50 யூரோவுக்கு மேல் கொடுத்தவனுக்கு அந்தக் காரணம் அவ்வளவாக இனிக்காது. இந்த விலைக்கு மற்ற ஒயின் பாட்டில்போல முழு 75 சென்டிலிட்டர் தரலாம் என்பதே என் கட்சி.

இனி மணத்துக்கு வருகிறேன். கிளாஸை மூக்கருகே கொண்டுபோனதும் வந்தது வெந்தயம். சந்தேகமே இல்லை, வாணலியில் வறுத்த வெந்தயம். பிறகு வால்நட், அதன் தோலில் இருக்கும் துவர்ப்பு, எங்கோ பின்னால் காய்ந்த ஆப்பிள். இது என் கற்பனை அல்ல. சோட்டோலான் என்ற சேர்மம் இந்த ஒயினில் உருவாகிறது; வெந்தயத்துக்கு அந்த வாசத்தைக் கொடுப்பதும் அதே சேர்மம்தான். வெந்தயக் களி தின்ற மறுநாள் வியர்வையில் அடிக்கும் வாசத்துக்கும் அதுதான் பொறுப்பு. ஐரோப்பியர்கள் இதைக் ‘கறிப்பொடி மணம்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதுகிறார்கள். நம் வீட்டு அஞ்சறைப்பெட்டியில் வளர்ந்த மூக்குக்கு அத்தனை சுற்றுவழி தேவையில்லை.

வாயில் துளி இனிப்பும் இல்லை. புளிப்பு கூர்மையாக இறங்குகிறது, உப்புக் கரிப்பு போல ஒன்று நாக்கின் ஓரத்தில் தங்குகிறது, விழுங்கிய பிறகும் வால்நட் சுவை நெடுநேரம் போக மறுக்கிறது. எங்கள் தோப்பில் மரம் ஏறும் பெரியவருக்கு ஒரு வாய் ஊற்றிக் கொடுத்தேன். மோந்து பார்த்தார்.

“எத்தனை நாள் பழசுங்க?”

“ஆறு வருஷத்துக்கு மேல்.”

“அப்படியென்றால் அவர்கள் இதைக் கொட்டிவிட்டு வேறு இறக்கியிருக்கலாமே” என்று கிளாஸை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் தொழிலில் அது நியாயமான தீர்ப்பு.

சில்லென்று குளிரவைத்துக் குடிக்கக் கூடாது. ஃபிரிட்ஜிலேயே விட்டுவைத்தால் மணம் மொத்தமும் பதுங்கிவிடும். 15 டிகிரி போதும். எங்கள் ஊர் மார்ச் மாதத்தில் அறை வெப்பத்தில் வைப்பதும் தப்பு. ஃபிரிட்ஜில் சற்றே குளிர்ந்ததும் வெளியே எடுத்து, மூடியைத் திறந்து சில மணி நேரம் விட்டுவிடுங்கள். காற்றோடு ஆறு ஆண்டு குடித்தனம் நடத்திய ஒயின், அவசரப்படாது.

அந்த ஊரில் கோன்தே என்ற பாலாடைக்கட்டியோடும், மோரல் காளானும் க்ரீமும் சேர்த்த கோழியோடும் சாப்பிடுவார்களாம். கடையில் கிடைக்கும் பாக்கெட் சீஸ் இதற்கு முன்னால் நிற்கவே இல்லை. வறுத்த முந்திரி நன்றாகப் பொருந்தியது. அதைவிட நன்றாகப் பொருந்தியது, பச்சை மிளகாயைக் குறைத்து, கெட்டித் தேங்காய்ப்பால் ஊற்றி வைத்த நாட்டுக்கோழி. தேங்காய்ப்பாலின் கொழுப்பு புளிப்பைத் தணித்து, வெந்தய வாசத்தை மேலே தூக்கிக் கொடுக்கிறது. மிளகாய் தூக்கலான வறுவலோடு வைத்தபோது ஒயின் இருந்த சுவடே தெரியவில்லை.

ஸ்பெயின் ஒயினான ஷெர்ரிக்கும் இதே ஈஸ்ட் ஆடைதானே என்று கேட்பவர்கள் உண்டு. ஆடை வளரும் விதத்தில் உறவு உண்டு, உண்மைதான். ஆனால் ஷெர்ரியில் பெரும்பாலும் தனியாக ஆல்கஹால் சேர்ப்பார்கள், பழையதோடு புதியதைக் கலந்துகொண்டே போவார்கள். இதில் சேர்ப்பும் இல்லை, ஆண்டுக்கு ஆண்டு கலப்பும் இல்லை. நான் குடித்தவற்றில் இதன் பக்கத்தில் வைக்க வேறொன்று இல்லை. மாதச் சம்பளத்தில் இருந்து வாங்கச் சொல்வேனா? மாட்டேன். யாராவது கொண்டுவந்தால் விடாதீர்கள்.

திறந்த பாட்டில் வாரக்கணக்கில் தாங்குகிறது. என்னுடையது பாதி மிச்சம் இருக்கிறது. அடுத்த ஞாயிறு கோழிக்காக வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் மிளகாய் பஜ்ஜி வாங்கி வர வேண்டாம்.