ஏ.ஹெச்.யூ. வாயிலேயே டக்டை மடக்கிவிட்டுப் போனார்கள்: சென்ட்ரல் ஏ.சி. போடுபவர்கள் கவனத்துக்கு

ஈரோடு பக்கம் கல்யாண மண்டபம் நடத்துகிறோம். டைனிங் ஹாலுக்கு சென்ட்ரல் ஏ.சி. போட்டதில் மெஷின் நல்ல மெஷின், பில்லும் பெரிய பில். ஏ.ஹெச்.யூ. (காற்றைக் குளிர்வித்து ஊதும் யூனிட்) ஃபேனையும் டக்டையும் (காற்று போகும் தகரக் குழாய்) சேர்த்த இடத்தில்தான் காண்ட்ராக்டர் எங்களை ஏமாற்றினார். மண்டபமோ துணிக்கடையோ கட்டிக்கொண்டிருப்பவர்கள் பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

முதல் முகூர்த்தத்திலேயே கடைசி வரிசையில் உட்கார்ந்தவர்கள் வேர்த்து வழியச் சாப்பிட்டார்கள். ஃபால்ஸ் சீலிங் அதிர்ந்துகொண்டே இருந்தது. கூப்பிட்டுக் கேட்டால், "கூட்டம் ஜாஸ்தி சார், அதான்" என்றார். பிறகு ஆள் அனுப்பி புல்லியை (பெல்ட் ஓடும் சக்கரம்) மாற்றி ஃபேன் ஸ்பீடை ஏற்றினார். காற்று பெரிதாகக் கூடவில்லை, மோட்டார்தான் ட்ரிப் ஆனது. ஸ்பீடை 10 சதவீதம் ஏற்றினால் காற்று 10 சதவீதம் கூடும், மோட்டார் மேல் விழும் லோடோ 33 சதவீதம் கூடும். அந்தத் தொழிலில் இருப்பவருக்கு இது தெரியாமல் இருக்காது.

வேறொரு அனுபவசாலியை வரவழைத்தோம். ஏ.ஹெச்.யூ. ரூமுக்குள் நுழைந்ததுமே டக்டைக் காட்டினார். ஃபேன் வாயில் எல்போவை (டக்டின் வளைவுத் துண்டு) ஒட்டி வைத்திருந்தார்கள், அதுவும் ஃபேன் சுற்றும் திசைக்கு எதிராக மடக்கி. உள்ளே காற்றைத் திருப்பிவிடும் வேன் (வளைந்த தகடு) ஒன்றுகூட இல்லை. ஃபேனிலிருந்து காற்று ஒரு பக்கமாக ஒதுங்கித்தான் பாயுமாம். அது டக்ட் முழுக்கப் பரவ நேராகக் கொஞ்ச தூரம் ஓட வேண்டும். நிமிடத்துக்கு 2500 அடி வேகம் வரை, டக்ட் விட்டத்தைப் போல இரண்டரை மடங்கு நீளம் என்பது கணக்கு. எங்கள் ஃபேன் வாய் ஏறக்குறைய 2 அடி, ஆக 5 அடி நேர் டக்ட் வேண்டும். டிராயிங்கில் அது இருந்தது! யூனிட்டைத் திருப்பி வைத்திருந்தால் ரூமிலும் இடம் இருந்தது. தகரத்தையும் வேலையையும் மிச்சம் பிடிக்க எங்களைக் கேட்காமலே மாற்றிவிட்டார்கள்.

எனக்கு அதைவிட ஆத்திரம் வந்தது கேன்வாஸைப் பார்த்தபோது. ஃபேனின் அதிர்வு டக்டுக்குப் போகாமல் இருக்கத்தான் இரண்டுக்கும் நடுவில் அந்தத் துணியை வைப்பது. டக்டும் ஃபேனும் நேர்கோட்டில் இல்லாததால் அது ஒரு பக்கம் விறைத்தும், மறுபக்கம் சுருங்கி காற்றுப் பாதைக்குள் தொங்கியும் கிடந்தது. டக்டைத் தாங்க ஹேங்கர் போடவில்லை. அதற்குப் பதிலாக கேன்வாஸின் இரண்டு பக்க ஃபிளேஞ்சையும் (இரும்பு விளிம்பு) தகரப் பட்டையால் இணைத்து ஸ்க்ரூ அடித்திருந்தார்கள். ஃபேனுக்கு அடியில் ஸ்பிரிங் வைத்து என்ன பயன்? மொத்த அதிர்வும் அந்தப் பட்டை வழியாகச் சீலிங்குக்குப் போயிருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது என்று துணிந்து செய்த வேலை இது.

இப்போது யூனிட்டைத் திருப்பி, நேர் டக்ட் போட்டு, தனி ஹேங்கரில் தொங்கவிட்டாயிற்று. அதற்கான செலவை அவருடைய பாக்கியில் கழித்துக்கொண்டோம். இன்னும் முழுப் பணம் கேட்டு போன் செய்துகொண்டிருக்கிறார்.

நீங்கள் வேலை கொடுத்தால், சீலிங் மூடும் முன் ஏ.ஹெச்.யூ. ரூமில் டிராயிங்கைக் கையில் வைத்துக்கொண்டு அந்த நேர் நீளத்தை டேப் பிடித்து அளந்து பாருங்கள். கடைசித் தவணையை, காற்று வெளிவரும் ஒவ்வொரு கிரில்லிலும் அனிமோமீட்டர் (காற்று வேகத்தை அளக்கும் கருவி) வைத்துக் காற்று அளவைக் காட்டிய பிறகே கொடுப்பதாக ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.