அமெரிக்க சி.என்.ஏ. (நர்சிங் உதவியாளர்) சர்டிபிகேட்னு 42,500 ரூபாயைப் பறிச்சுட்டாங்க, யாரும் கட்டாதீங்க

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் ஆஸ்பத்திரியிலயும் வீடுகள்லயும் நோயாளி பார்க்கிற அக்கா தங்கச்சிங்க இதை அவசியம் படிங்க. நேத்து ராத்திரிதான் எனக்கு விஷயமே விளங்குச்சு. 42,500 ரூபாய் போயிருச்சு. என்னென்ன பார்த்துட்டுப் பணம் கட்டணும்னு கடைசியில எழுதுறேன்.

ஒன்பது வருஷமா நர்சிங் உதவியாளர் வேலை பார்க்கிறேன். முதல்ல வார்டு, இப்ப பள்ளத்தூர்ல ஒரு பெரிய வீட்டுல ஆச்சிக்குத் துணை. பிள்ளைங்க எல்லாரும் வெளிநாடு. ஆச்சி படுத்த படுக்கையாகி மூணு வருஷம் ஆச்சு, உடம்புல ஒரு படுக்கைப் புண் கிடையாது. ரெண்டு மணிக்கு ஒருதரம் எந்திரிச்சுத் திருப்பிப் போடுறது நான்தான்.

வெளிநாட்டு வேலைக்குப் பயிற்சின்னு மாடியில நடத்துற ஒரு சென்டர். பேர் போடலை. அங்க இருந்த மேடம் என்னை உட்கார வச்சு, படுக்கைப் புண் வராம எப்படிப் பார்த்துக்கிறீங்கன்னு கேட்டாங்க. சொன்னேன். நோட்டுல எழுதிக்கிட்டாங்க. "சிஸ்டர், இவ்வளவு தெரிஞ்சும் உங்க கையில ஒரு நல்ல பேப்பர் இல்லையே"ன்னாங்க. அந்தச் சொல்லுலதான் விழுந்தேன். ஒன்பது வருஷத்துல உனக்கு என்ன தெரியும்னு என்னை ஒருத்தரும் கேட்டதில்லை. பேசினை எடு, பெட்ஷீட்டை மாத்து, அவ்வளவுதான்.

அமெரிக்காவுல சி.என்.ஏ.ன்னு இருக்கு, அதுக்கு 48 மணி நேர ஆன்லைன் படிப்பு, முடிச்சா உங்க பேர் அந்த ஊர் பதிவேட்டுல ஏறிடும், அப்புறம் இன்டர்வியூதான்னு சொன்னாங்க. அன்னைக்கே 20,000 ஜிபேயில போட்டேன். மறுவாரம் கைவளையலை அடகு வச்சு 22,500. ஆச்சி தூங்குறப்ப போன்ல வீடியோ பார்த்து 48 மணி நேரத்தையும் முடிச்சேன். பாடத்தைக் குறை சொல்ல மாட்டேன், மறதி நோய்க்காரங்ககிட்ட எப்படிப் பேசணும்னு அதுல கத்துக்கிட்டேன்.

சர்டிபிகேட் வந்துச்சு. இன்டர்வியூ வரலை. கேட்டா, போர்ட்டல் அப்டேட் ஆகுது. மேடம் மீட்டிங்ல இருக்காங்க. சென்னை ஆபீஸ்ல கேளுங்க. சென்னை நம்பரை யாரும் எடுக்கலை. ரெண்டு மாசம் இப்படியே.

நேத்து கலிபோர்னியாவுல சி.என்.ஏ.வா இருக்கிற எங்க சித்தி மகளுக்கு அந்தச் சர்டிபிகேட்டைப் படம் எடுத்து அனுப்பினேன். "அக்கா, இது ஏற்கெனவே சி.என்.ஏ.வா இருக்கிறவங்க புதுப்பிக்கிறதுக்கான படிப்பு. புதுசா சேர இது ஆகாது"ன்னா. அங்க சி.என்.ஏ. ஆகணும்னா நாடு முழுக்கக் குறைஞ்சது 75 மணி நேரப் பயிற்சி, அப்புறம் செய்முறையோட பரீட்சை. கலிபோர்னியாவுல பயிற்சியே 160 மணி நேரம், அதுல 100 மணி நேரம் நோயாளி பக்கத்துல நின்னு செய்யணும். அவ தன்னோட சர்டிபிகேட்டைப் புதுப்பிக்க ரெண்டு வருஷத்துக்கு 48 மணி நேரப் படிப்பு காட்டுறா, அதுலயும் ஆன்லைன்ல 24 மணி நேரம்தான் செல்லுமாம். நான் 48 மணி நேரமும் போன்லயே பார்த்தேன். அவளுக்கே ஆகாத பேப்பரை எனக்கு 42,500 ரூபாய்க்கு வித்திருக்காங்க.

இன்னைக்குக் காலையில நேர்ல போனேன். அதே மேடம், சிஸ்டர்னுகூடக் கூப்பிடலை. "நாங்க கோர்ஸ் கொடுக்கிறோம்னுதான் சொன்னோம், வேலை கொடுக்கிறோம்னு சொன்னோமா? ரசீதைப் பாருங்க"ன்னாங்க. ரசீதுல 'பயிற்சிக் கட்டணம், திருப்பித் தரப்படாது'ன்னு பொடி எழுத்துல இருக்கு. வாங்கின அன்னைக்கு நான் படிக்கலை. படியிறங்கி வர்றதுக்குள்ள வாட்ஸ்அப்ல என்னை பிளாக் பண்ணிட்டாங்க.

விவரமா எழுத இப்ப முடியலை, டூட்டிக்குக் கிளம்பணும். புதுப்பிக்கிற படிப்பை வேலைக்கான படிப்புன்னு யார் சொன்னாலும் கட்டாதீங்க. அமெரிக்காவுல எந்த மாநிலப் பதிவேடு, அங்க பரீட்சை எங்க நடக்குதுன்னு கேளுங்க, பதில் வராது. பேசினதை எழுத்துல வாங்குங்க. ரசீதை அங்கேயே நின்னு படிங்க. ஆன்லைன்ல பணம் போயிருந்தா உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் போடுங்க, நுகர்வோர் புகாருக்கு 1915. நான் ரெண்டுக்கும் போன் போட்டாச்சு. இதே சென்டர்ல கட்டின வேற யாராவது இருந்தா எனக்கு எழுதுங்க, சிவகங்கைக்கு ஒண்ணாப் போய் மனு கொடுப்போம். அடுத்த பேட்ச் திங்கக்கிழமை ஆரம்பம்னு அங்க போர்டு வச்சிருக்காங்க.