எம்எக்ஸ்-5 வாங்கும்போது எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

இங்கிலாந்தில் இருந்துகொண்டு கூரை திறக்கிற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வேண்டும், அதுவும் சேமிப்பை மொத்தமாகக் கரைக்காமல் வேண்டும் என்று தேடினால், சுற்றிச் சுற்றி மாஸ்டா எம்எக்ஸ்-5 பக்கம்தான் வந்து நிற்போம். 1989 இல் அறிமுகமாகி 2016 இல் பத்து லட்சமாவது வண்டியைத் தொட்ட வரிசை இது. அந்த முடிவு எனக்குச் சுலபமாகவே வந்தது. அதற்கு அப்புறம்தான் குழப்பம். 1.5 லிட்டரா 2.0 லிட்டரா, துணிக்கூரையா ஆர்எஃப் என்கிற கெட்டிக்கூரையா, 2018க்கு முந்தையதா பிந்தையதா, எஸ்இ-எல் போதுமா ஸ்போர்ட் டிரிம் (அதாவது கூடுதல் வசதிகளோடு வருகிற வகை) வேண்டுமா என்று இரண்டு மாதம் வாரயிறுதி தோறும் அலைந்து, கிடைத்ததையெல்லாம் ஓட்டிப் பார்த்து, கடைசியில் 2016 ஆம் வருட 1.5 ஸ்போர்ட், துணிக்கூரை வண்டியை எடுத்தேன். ஏன் என்று சொல்கிறேன். உங்கள் தேவை வேறாக இருந்தால் எந்த இடத்தில் முடிவு மாறும் என்பதையும் சொல்கிறேன். பேசுவது முழுக்க 2015 இல் விற்பனைக்கு வந்த நான்காம் தலைமுறையைப் பற்றி மட்டும்.

முதலில் எஞ்சின். காகிதத்தில் பார்த்தால் கேள்வியே இல்லை. 1.5 எஞ்சினுக்கு 131 பிஎஸ் (குதிரைத்திறன் மாதிரியான அளவு), முதலில் வந்த 2.0 எஞ்சினுக்கு 160 பிஎஸ். நின்ற நிலையிலிருந்து மணிக்கு 62 மைல் வேகத்தை எட்ட சின்னது 8.3 விநாடி எடுக்கிறது, பெரியது 7.3. கொஞ்சம் காசு சேர்த்துப் பெரியதையே வாங்கிவிடலாமே என்றுதான் எனக்கும் தோன்றியது. இரண்டையும் ஒரே வாரத்தில் வட இங்கிலாந்தின் ஸ்னேக் பாஸ் மலைச்சாலையில் ஓட்டியபோது அந்த எண்ணம் மாறிவிட்டது. 1.5 எஞ்சின் 7500 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) வரை சுழலும், அதன் முழு சக்தியும் 7000 இல்தான் வருகிறது, அதனால் இரண்டாவது கியரில் பிடித்து மேலே மேலே ஏற்றிக்கொண்டே போகலாம், சத்தமும் கூடவே ஏறும். பழைய 2.0 எஞ்சினோ 6800 இல் முடிந்துவிடுகிறது, உச்ச சக்தி 6000 இலேயே வந்துவிடுகிறது, கீழ் வேகத்தில் இழுவை நன்றாக இருந்தாலும் மேலே போகப் போக ஆர்வம் குறைகிற மாதிரி இருக்கிறது. மணிக்கு 60 மைல் என்ற வரம்புள்ள சாலையில், அதுவும் பக்ஸ்டனுக்குப் போகிற கேட் அண்ட் ஃபிடில் சாலை மாதிரி 50 மைல் வரம்பும் சராசரி வேகக் கேமராவும் உள்ள இடத்தில், எஞ்சினை முழுதாகப் பிழிந்தும் சட்டத்துக்குள்ளேயே இருக்க முடிகிற வண்டி எது என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு அது 1.5 தான்.

ஆனால் 2018 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வந்த மாற்றத்துக்கு அப்புறம் இந்த வாதம் அப்படியே செல்லாது. 2.0 எஞ்சினின் பிஸ்டன், கனெக்டிங் ராடு எல்லாவற்றையும் இலகுவாக்கி, காற்றை உள்ளே விடுகிற த்ராட்டிலைப் பெரிதாக்கி, 184 பிஎஸ் ஆக்கினார்கள். சுழற்சியும் 7500க்குப் போனது, 62 மைலுக்கு 6.5 விநாடி. கீழே பெரிய எஞ்சினின் இழுவை, மேலே சின்ன எஞ்சினின் உற்சாகம், இரண்டும் ஒன்றாகக் கிடைக்கிற ஒரே எம்எக்ஸ்-5 இதுதான். பட்ஜெட் அந்த வருடங்களுக்கு எட்டுமானால் 184 ஐ வாங்குங்கள், 1.5 பற்றி யோசிக்கவே வேண்டாம். எட்டாவிட்டால் பழைய 2.0க்கு அதிகக் காசு கொடுப்பதைவிட நல்ல நிலையில் இருக்கிற 1.5 மேல்.

அதே மாற்றத்தோடு இன்னொன்றும் வந்தது. ஸ்டீயரிங்கை முன்னும் பின்னும் 30 மி.மீ. நகர்த்தும் வசதி. அதற்கு முந்தைய வண்டிகளில் மேலே கீழே மட்டும்தான் நகரும். நான் ஐந்தடி ஆறு அங்குலம், எனக்கு அது ஒரு பொருட்டே இல்லை. என்னோடு வந்த ஆறடி மச்சானுக்கு, காலுக்கு இடம் விட்டால் கை எட்டவில்லை, கைக்கு எட்டினால் முழங்கால் ஸ்டீயரிங்கில் முட்டியது. உயரமானவர்கள் எஞ்சினைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் இதைத்தான் உட்கார்ந்து பார்க்க வேண்டும், கூரையை மூடிவைத்துப் பார்க்க வேண்டும்.

வரி விஷயமும் உண்டு. 2017 ஏப்ரல் 1க்கு முன் பதிவான வண்டிகளுக்குச் சாலை வரி, கிலோமீட்டருக்கு வெளிவிடுகிற கார்பன் டை ஆக்சைடு அளவை வைத்துத்தான். 1.5 துணிக்கூரை வண்டிக்கு 139 கிராம், 2.0க்கு 161 கிராம், அதனால் வருடா வருடம் சின்ன எஞ்சின்காரர்களுக்குக் கணிசமாக மிச்சம். அந்தத் தேதிக்கு அப்புறம் பதிவானவற்றுக்கு முதல் வருடம் தாண்டினால் இரண்டுக்கும் ஒரே வரி.

சரி, கூரை. இதில்தான் பலரும் தப்பாக முடிவெடுக்கிறார்கள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் ஆர்எஃப் பார்க்க அவ்வளவு அழகு. 2016 இல் நியூயார்க் கண்காட்சியில் முதலில் காட்டினார்கள். பின்பக்கம் சரிந்து இறங்குகிற அந்த இரண்டு தூண்களோடு, விலை இரண்டு மடங்கு இருக்கிற வண்டி போலத் தோன்றும். பொத்தானை அழுத்தினால் 13 விநாடியில் கூரை மடிந்து உள்ளே போய்விடும், மடித்தாலும் டிக்கி இடம் குறையாது (துணிக்கூரை வண்டியில் 130 லிட்டர், இதில் 127, இரண்டுமே இரண்டு சின்னப் பெட்டிக்குத்தான் காணும்). மூடியிருக்கும்போது மோட்டார்வேயில் துணியைவிட அமைதி. தெருவில் நிறுத்துகிறவர்களுக்கு, யாராவது துணியைக் கிழித்துவிடுவார்களோ என்ற பயமும் இல்லை.

ஆனால் திறந்த பிறகு? தலைக்கு மேலே மட்டும்தான் திறக்கிறது. பின்னால் அந்தத் தூண்கள் அப்படியே நிற்கின்றன, வேகம் கூடும்போது காற்று அவற்றில் மோதிக் காதோரம் இரைகிறது, லேன் மாறத் தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தால் தூண்தான் தெரிகிறது. கூரைக்கும் மோட்டாருக்கும் சேர்த்து சுமார் 45 கிலோ கூடுதல். 75 கிலோ ஓட்டுநரையும் சேர்த்தே 1050 கிலோ வருகிற வண்டியில் 45 கிலோ என்பது சின்ன விஷயம் இல்லை. துணிக்கூரையில் நடுவில் ஒரே ஒரு கொக்கி. உட்கார்ந்த இடத்திலிருந்தே விடுவித்து, பின்னால் தள்ளி, டக்கென்று சத்தம் கேட்கும்வரை அமுக்கினால் முடிந்தது. சிக்னலில் சிவப்பு விழுந்து பச்சை வருவதற்குள் நிதானமாகச் செய்யலாம். அவ்வளவு சுலபமாக இருப்பதால்தான் பத்து நிமிஷம் வெயில் வந்தாலும் திறக்கிறேன், தூறல் விழுந்தால் மூடுகிறேன். இந்த ஊர் வானிலைக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. வருடம் முழுக்க மோட்டார்வேயில் தினமும் நூறு மைல் வேலைக்குப் போகிறவர் என்றால் ஆர்எஃப் எடுங்கள், அதில் நியாயம் இருக்கிறது. திறந்த வண்டி வேண்டும் என்பதற்காக வாங்குகிறவர் துணிக்கூரையை எடுங்கள்.

கூடுதல் வசதிகளில் நான் பார்த்தது ஒன்றுதான்: பிறகு போட்டுக்கொள்ள முடியாதது எது? சூடாகும் சீட், அதுதான் முதல் இடம். ஸ்போர்ட் டிரிம்மில் தோல் சீட்டோடு சேர்ந்து வருகிறது. இதை ஆடம்பரம் என்று நினைத்திருந்தேன். அக்டோபர் சாயங்காலம் எட்டு டிகிரியில், ஹீட்டரைக் காலுக்குத் திருப்பி, சீட்டைச் சூடாக்கி, கூரையைத் திறந்துவைத்து ஓட்டிய அன்று நினைப்பு மாறியது. வருடத்தில் கூரை திறக்கிற மாதங்களை அது நிஜமாகவே கூட்டுகிறது. ஸ்போர்ட்டில் வருகிற போஸ் ஒலியமைப்பில் தலைசாய்க்கும் இடத்திலேயே ஸ்பீக்கர் இருப்பதால் கூரை திறந்திருக்கும்போதும் பாட்டும் போன் பேச்சும் கேட்கும். நல்லதுதான், அதற்காக மட்டும் மேலே ஏற வேண்டாம்.

எல்எஸ்டி, அதாவது ஈரமான வளைவில் உள்பக்கச் சக்கரம் வீணாகச் சுற்றாமல் இரண்டு பின்சக்கரத்துக்கும் சக்தியைப் பகிர்கிற டிஃபரென்ஷியல், இங்கே மேனுவல் 2.0 வண்டிகளில் வருகிறது, என் 1.5 இல் கிடையாது. அது என் முடிவில் நான் விட்டுக்கொடுத்த விஷயம். 131 பிஎஸ்ஸுக்கு அதன் குறை தெரிவது அபூர்வம். டிராக்கில் ஓட்டுகிற எண்ணம் இருந்தால் அது இல்லாமல் வாங்காதீர்கள், பிறகு போடுவது செலவு பிடித்த வேலை. 2.0 ஸ்போர்ட்டில் வருகிற பில்ஸ்டைன் நிறுவனத்தின் டேம்பர்கள் (ஷாக் அப்சார்பர்கள்) வேறு கதை, அவற்றைப் பிறகும் மாட்டலாம், குழி நிறைந்த கவுன்சில் சாலைகளில் கொஞ்சம் இறுக்கமாகவும் இருக்கும். 1.5 இன் 16 அங்குல சக்கரம் சவாரிக்கும் நல்லது, டயர் செலவுக்கும் நல்லது. ஆட்டோமேட்டிக் வேண்டாம். முழங்கால் வலி மாதிரி காரணம் இருந்தால் ஒழிய, இந்த வண்டியின் பாதி சந்தோஷம் அந்தக் குட்டையான கியர் கம்பியில் இருக்கிறது.

சிவப்பு நிறம் பற்றி ஒரு வார்த்தை. மாஸ்டாவின் அந்த ஆழமான சிவப்பு பல அடுக்காகப் பூசுவது, மேலடுக்கு ஒளி ஊடுருவுகிற நிறம். அழகு, மறுக்கவில்லை. ஆனால் கீறல் விழுந்து ஒரு கதவை மட்டும் மறுபடி பூசினால் பக்கத்துப் பலகையோடு நிறம் சேர்வது கஷ்டம், பழைய வண்டி பார்க்கும்போது வெயிலில் நிறுத்திச் சுற்றிவந்து பாருங்கள்.

அதோடு எந்தத் துணிக்கூரை வண்டியானாலும் சீட்டுக்குப் பின்னால் கம்பளத்தைக் கையால் அமுக்கிப் பார்த்துவிடுங்கள். கூரை மடிகிற இடத்தின் இரண்டு ஓரத்திலும் தண்ணீர் வடிகிற துளை இருக்கிறது, மரத்தடியில் நிறுத்திய வண்டியில் இலையும் தூசும் அதை அடைத்துவிடும், தண்ணீர் உள்ளே இறங்கும். நான் பார்த்த ஒரு விற்பனையாளரிடம் பளபளவென்று கழுவி நிறுத்தியிருந்த 2.0 வண்டியில் அமுக்கிய இடத்திலெல்லாம் ஈரம். கேட்டதற்கு நேற்றுதான் கழுவினோம் என்றார்கள். உள்ளே வந்த வாசம் ஒரு நாள் ஈரத்தின் வாசம் இல்லை. அங்கிருந்து கிளம்பி, அடுத்த வாரம் நாற்பது மைல் தள்ளி இந்த 1.5 ஐப் பார்க்கப் போனேன், கம்பளம் காய்ந்து கிடந்தது.