4-சப்பா, 4-ஈபிபியா? ஓட்டியவர் பக்கமிருந்து ஓர் அலசல்

லண்டனின் தெற்குப் புறநகர் பாதைகளில் ஓடிய 4-சப் (4-SUB), 4-ஈபிபி (4-EPB) என்ற பழைய மின்சார ரயில்கள் இரண்டையும் அருகருகே நிறுத்தினால் பயணிக்குச் சட்டென்று வித்தியாசம் பிடிபடாது. நான்கு பெட்டி, பாதையோரம் கிடக்கும் மூன்றாம் தண்டவாளத்திலிருந்து மின்சாரம், இருக்கை வரிசைக்கு வரிசை கையால் அடித்துச் சாத்தும் கதவு. 1941-இல், சதர்ன் ரயில்வேயின் தலைமை இயந்திரப் பொறியாளர் புல்லெய்ட் காலத்தில் வந்த 4-சப்பின் உடலமைப்பைத்தான் 1951 முதல் ஈஸ்ட்லீ பணிமனை 4-ஈபிபிக்கும் கொடுத்தது. டிரைவருக்கோ இரண்டும் வேறு வேறு வண்டி.

முதல் காரணம் பிரேக். சப்பில் இருந்தது பழைய வெஸ்டிங்ஹவுஸ் காற்று பிரேக். டிரைவர் குழாயிலிருந்து காற்றை வெளியே விட்டால் முன்பெட்டி முதலில் பிடிக்கும். அழுத்தக் குறைவு கடைசிப் பெட்டிக்குப் போய்ச் சேரச் சற்று நேரமாகும். அதைவிடத் தொல்லை, பிடித்த பிரேக்கைக் கொஞ்சமாகத் தளர்த்த முடியாது. அதிகமாகப் பிடித்துவிட்டால் முழுவதும் விட்டுவிட்டு மறுபடி பிடிக்க வேண்டும். வாட்டர்லூ தாண்டினால் வாக்ஸ்ஹால், கிளாப்ஹம் ஜங்ஷன், ஏர்ல்ஸ்ஃபீல்டு, விம்பிள்டன் என்று அடுத்தடுத்து நிற்கும் வண்டியில் இது எவ்வளவு கைத்திறன் கேட்டிருக்கும்! ஈபிபியில் ஒவ்வொரு பெட்டியின் வால்வையும் மின்சாரமே இயக்கியது. எல்லாப் பெட்டியும் ஒரே நொடியில் பிடிக்கும், வேண்டிய அளவு தளர்த்தவும் செய்யலாம். பழைய காற்று பிரேக்கும் மாற்றாகக் கூடவே இருந்தது.

அடுத்தது இணைப்பு. இரண்டு சப்களைச் சேர்க்க ஓர் ஆள் நடுவே இறங்கித் திருகு கொக்கியை மாட்ட வேண்டும். மூடாத மின் தண்டவாளம் காலுக்குப் பக்கத்திலேயே கிடக்கும். ஈபிபியின் ‘பக்-ஐ’ (buckeye) கொக்கி மோதியதும் தானே கவ்விக்கொள்ளும். காற்றுக் குழாய்களும் மின்கேபிள்களும் முகப்பில் உயரமாக இருந்ததால் பிளாட்பாரத்தில் நின்றே மாட்டலாம். என் கணக்கில் இது ஒன்றே போதும், ஈபிபியைத் தேர்ந்தெடுக்க.

கதவு விஷயத்தில் இரண்டும் சமம். கூட்டம் மளமளவென்று இறங்கிவிடும். ஆனால் எல்லாக் கதவும் சாத்தியிருக்கிறதா என்று ஊழியர்கள்தான் பார்க்க வேண்டும்.

சப் ஜெயிப்பது ஓரிடத்தில்: டிரைவர் அறைக்கு வெளியிலிருந்தே தனிக்கதவு. ஈபிபியில் கார்டின் அறைக்குள் புகுந்துதான் போக வேண்டும். இரண்டையும் இணைத்து ஒரே வண்டியாக ஓட்டவும் வழியில்லை. அப்படியே தனித்தனியாக ஓடி, சப் 1983-இலும் ஈபிபி 1995-இலும் ஓய்வு பெற்றன.