சிங்கப்பூரில் பழைய டீசல் பிக்கப்: சிஓஇ (வண்டி வைத்திருக்க ஏலத்தில் எடுக்கும் உரிமைச் சான்றிதழ்) புதுப்பிப்பதா, புதிது வாங்குவதா?

செலவு
பழையது: சி பிரிவு (சரக்கு வண்டி, பேருந்து) சிஓஇ ஏல விலையின் 3 மாதச் சராசரியைக் கட்டி 5 அல்லது 10 ஆண்டுக்குப் புதுப்பிக்கலாம்.
புதியது: சிஓஇயோடு வண்டி விலையும் சேரும். சரக்கு வண்டிக்கு, காருக்குக் கிடைப்பதுபோல் பார்ஃப் தள்ளுபடி (10 ஆண்டுக்குள் பதிவை ரத்து செய்தால் திரும்பக் கிடைக்கும் தொகை) கிடையாது. பலர் இதைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

பரிசோதனை
புதியது: ஆண்டுக்கு ஒரு முறை.
பழையது: 10 ஆண்டு கடந்தால் 6 மாதத்துக்கு ஒரு முறை.

உழைப்பு
பணம் கட்டும் முன் இதைப் பாருங்கள். எஞ்சின் சூடாக ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து, துளைமேல் சும்மா வையுங்கள். மூடி துள்ளி, புகை குபுகுபுவென்று வந்தால் பெரும்பாலும் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும், புதுப்பிக்க வேண்டாம். கறுப்புப் புகை மட்டும் என்றால் முதலில் ஏர் ஃபில்டர், அடுத்து இன்ஜெக்டர். இரண்டும் சரிசெய்யக்கூடியவை. பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் மாட்டும் இடத்தில் சேசிஸைச் சுத்தியலால் தட்டுங்கள். 'டங்' என்றால் நல்லது, 'பொத்' என்றால் துரு தின்றுவிட்டது.

புதிய யூரோ 6 (புகை வெளியேற்றத் தரம்) டீசலில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி நன்றாகச் சூடேறினால்தான் தானே சுத்தமாகும். புளோக்குக்குப் புளோக் 3 கிலோமீட்டர் ஓட்டத்தில் அடைத்துக்கொள்ளும்.

சேசிஸ் உறுதி, ஓட்டம் குறைவு: 5 ஆண்டு புதுப்பியுங்கள்.
தினமும் மேற்குக் கோடி துவாஸிலிருந்து கிழக்குக் கோடி சாங்கிவரை: புதிய டீசல்.
தேக்கா, தோ பாயோ வட்டாரத்துக்குள் மட்டும்: மின்சார வண்டி.